போதும் என்று யார் சொல்வது?

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் மணிவிழா. அந்தப் பக்கத்தில் அதைச் ‘சாந்தி’ என்பார்கள். காலைச் சடங்குகள் முடிந்து, மதியப் பந்திக்கு இலை விழுவதற்கு முன்னால் ஓர் இடைவெளி கிடைக்குமே, அந்த நேரம். முகப்பில் ஜமக்காளத்தை விரித்து நாலு பேர் சீட்டாட உட்கார்ந்துவிட்டார்கள். நடுநாயகமாக வீட்டுப் பெரியவர். தொண்ணூறை நெருங்குகிற வயது. மணிவிழா அவருடைய மகனுக்கு.

பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பேரன். சீட்டைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது.

“ஐயா, போன வருஷம் அப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தப்ப கேசினோவைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்க. கூட்டிட்டுப் போனேன். அவங்க இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினாங்க, சும்மா உள்ளே விட்டுட்டான். நான் அந்த ஊர் சிட்டிசன். 150 வெள்ளி கட்டினாத்தான் உள்ளே போகலாம்னுட்டான். நான் வெளியிலேயே காப்பி குடிச்சுட்டு நின்னேன்!”

எல்லோரும் சிரித்தோம். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப அந்த கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“என்னய்யா தெரிஞ்சிருக்கு?”

“அது என்ன சரக்குன்னு! தன் வீட்டுப் பிள்ளை சாப்பிடக் கூடாதுன்னு அலமாரியைப் பூட்டி வைக்கிறான். விருந்தாளிக்குத் தட்டுல வெச்சு நீட்டுறான். பலகாரத்துல என்ன கலந்திருக்குன்னு தெரியாமலா அப்படிச் செய்வான்?”

ஊருக்குத் திரும்பி வரும்வரை அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை.

பேரன் சொன்னது நிஜம். பல வருஷம் வேண்டவே வேண்டாம் என்றிருந்த சிங்கப்பூர், 2005-இல் மனம் மாறி, 2010-இல் இரண்டு கேசினோக்களைத் திறந்தது. இரண்டே இரண்டு. 2030 முடியும்வரை மூன்றாவது கிடையாது. சொந்தக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019-இல் அதை 150 ஆக்கினார்கள். நம் பணத்தில் 10,000 ரூபாய்க்குப் பக்கம். வெளிநாட்டுக்காரருக்கு இலவசம்.

சிங்கப்பூர் மட்டுமா? மான்டி கார்லோவை வைத்தே பேர் வாங்கிய மொனாக்கோவில், அந்த நாட்டுக் குடிமகன் கேசினோவில் சூதாட முடியாது. நம்ம கோவாவில், மாண்டவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் விளக்கு போட்டுக்கொண்டு மிதக்கின்றன. 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் அங்கே விளையாடக் கூடாது என்று அந்த மாநில அரசே உத்தரவு போட்டது. கொழும்பிலும் உள்நாட்டுக்காரருக்கு டாலர் கணக்கில் நுழைவு வரி உண்டு.

எல்லா ஊரிலும் ஒரே கதைதான். அலமாரிக்குப் பூட்டு. விருந்தாளிக்குத் தட்டு.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நாமும் அந்தக் கடையை நடத்தியவர்கள்தான். 1968-இல் தமிழக அரசு லாட்டரிச் சீட்டைத் தொடங்கியபோது ஊரெல்லாம் பரவிய வாசகம் பலருக்கு இன்னும் மறந்திருக்காது: ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’. என்ன அழகான தமிழ்! தோற்றவனுக்குக்கூடத் தியாகி பட்டம் கொடுத்துவிடுகிற வாசகம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டில் வைத்து நீட்டியவர்கள் நாம்.

என் சித்தப்பா ஒருவர் அந்தத் தட்டிலிருந்து தினமும் எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் கயிறு கட்டிச் சீட்டுகளைத் தொங்கவிட்டு, மைக்கில் ‘இன்று குலுக்கல், இன்று குலுக்கல்’ என்று கத்துவார்களே, அந்தக் காலம். மூன்று சக்கர சைக்கிளில் சீட்டு விற்ற கால் ஊனமுற்ற ஒருவரிடம்தான் வாங்குவார். ‘விழலைன்னாலும் அவருக்குப் பிழைப்பு’ என்பார். அப்புறம் சுரண்டல் லாட்டரி வந்தது. காலையில் வாங்கி ராத்திரிவரை காத்திருக்கும் தொல்லை போயிற்று. சுரண்டி, தூக்கி எறிந்து, அடுத்ததைச் சுரண்டலாம்.

சித்தப்பா குடிக்க மாட்டார், சிகரெட் கிடையாது, யாரிடமும் சண்டை போனதில்லை. அவர் இறந்தபின் பீரோவைச் சுத்தம் செய்தபோது, துணிகளுக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். எல்லாம் விழாத சீட்டுகள். ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் என்று இன்றுவரை புரியவில்லை. சித்தி தரையில் உட்கார்ந்து, எண்ணவில்லை, சும்மா கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “ஒரே ஒரு தடவை ஐநூறு ரூபா விழுந்துச்சுடா. அன்னிக்கு எனக்குப் புடவை எடுத்தாரு. அந்த ஐநூறுதான் எங்களைக் கெடுத்துச்சு.”

தோற்றதைச் சொல்லி அவள் அழவில்லை. ஜெயித்ததைச் சொல்லித்தான் அழுதாள். திருவள்ளுவருக்கும் இது தெரிந்திருக்கிறது. சூதில் வரும் வெற்றியை அவர் மீனுக்குக் காட்டுகிற தூண்டிலாகத்தான் பார்க்கிறார். அவர் ‘சூது’ அதிகாரத்தை வைத்த இடத்தையும் கவனியுங்கள். அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில். 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து!

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. சித்தி மாதிரி எத்தனையோ பேர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த மூன்று சக்கர சைக்கிள்காரருக்கு மறுநாள் பிழைப்பு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே 2003 நவம்பரில் மதுபானச் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் கையில் எடுத்துக்கொண்டது. வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த இரண்டு அதிகாரங்களில் ஒன்றுக்கு ஷட்டர் போட்டு, மற்றதற்கு நாமே கல்லாவில் உட்கார்ந்தோம்.

சரி, சூதாட்டத்தை மட்டும் ஏன் தனியாக வேலி போட்டு நிறுத்த வேண்டும்? எல்லாமே வியாபாரம்தானே?

இட்லிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் பத்துக் கடை வந்தால் பதினோராவது கடை ஓடாது. ஏனென்றால் மனிதன் நாலு இட்லி சாப்பிடுவான், பசி இருந்தால் எட்டு. அதற்கு மேல் வயிறு ‘போதும்’ என்று சொல்லிவிடும். எந்தச் சரக்குக்கும் இப்படி ஒரு ‘போதும்’ உண்டு. புடவைக்கு உண்டு, சிமென்ட்டுக்கு உண்டு. பீரோ நிறைந்துவிடும், வீடு கட்டி முடிந்துவிடும்.

சூதாட்டத்துக்கு வயிறு கிடையாது. ஜெயித்தவன் ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்பான். தோற்றவன் ‘விட்டதைப் பிடிச்சுட்டு எந்திரிக்கிறேன்’ என்பான். இரண்டு பேருமே எழுந்திருக்க மாட்டார்கள். பை காலியானால் மட்டும்தான் ஆட்டம் நிற்கும். மற்ற வியாபாரத்தில் சந்தை நிரம்பிவிட்டது என்றால், வாங்குபவனின் தேவை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வியாபாரத்தில், வாங்குபவனே தீர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

கணக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அமெரிக்க ரௌலட் சக்கரத்தில் 38 குழிகள். நீங்கள் சொன்ன எண் விழுந்தால், கட்டியதற்கு 35 மடங்கு தருவார்கள். நியாயப்படி 37 மடங்கு தர வேண்டும். அந்த வித்தியாசம்தான் கடைக்காரன் பங்கு. நூறு ரூபாய் கட்டினால் சராசரியாக ஐந்தேகால் ரூபாய் அவனுக்கு. ஒரு ஆட்டத்தில் இது தெரியாது. நூறு ஆட்டம், ஆயிரம் ஆட்டம் என்று போனால் தப்பவே தப்பாது. ஏமாற்று வேலை எதுவும் வேண்டாம். நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

சரி, இந்த வியாபாரத்தில் கடைகள் பெருகினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியைக் கேளுங்கள். நெவாடாவுக்கு வெளியே அந்த நாட்டில் முதல் சட்டபூர்வ கேசினோ 1978-இல் அங்கேதான் வந்தது. கடலோர ஊர், படுத்துக் கிடந்த பொருளாதாரம், ‘கேசினோ வந்தால் ஊர் பிழைக்கும்’ என்றார்கள். கொஞ்ச காலம் பிழைத்தது. பக்கத்து மாநிலங்களுக்குப் பொறுக்குமா? ‘நம்ம ஆள் நம்ம காசை அங்கே போய் ஏன் விட வேண்டும்?’ என்று பென்சில்வேனியா 2006-இல் தன் கேசினோக்களைத் திறந்தது. 2014-ஆம் வருஷம் ஒரே வருஷத்தில் அட்லான்டிக் சிட்டியின் பன்னிரண்டு கேசினோக்களில் நாலு மூடப்பட்டன. அதில் ஒன்று 240 கோடி டாலர் கொட்டிக் கட்டியது. திறந்தது 2012-இல்!

கேசினோ மூடினால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். வெளியூர்க்காரன் வராமல் போனால், முதலாளி சும்மா இருப்பாரா? வாங்கிய கடனுக்கு வட்டி இருக்கிறது, ஆளுக்குச் சம்பளம் இருக்கிறது, அரசாங்கத்துக்கு வரி வேண்டியிருக்கிறது. எனவே பார்வை உள்ளூர்க்காரன் பக்கம் திரும்பும். அலமாரியின் பூட்டு மெதுவாகக் கழலும். விருந்தாளிகள் தீர்ந்தபின் வீட்டுப் பிள்ளைகளிடம் தட்டு வரும்.

நம் ஊரில் அந்தத் தட்டு கேசினோ கட்டாமலேயே வந்துவிட்டது. செல்போனில்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழைய சூதாட்டத்துக்கு மூன்று வேலிகள் இருந்தன. இடம், நேரம், பிறர் கண். கோவாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். மனமகிழ் மன்றம் ராத்திரி மூடும். திருவிழாவில் லங்கர் கட்டை உருட்டுகிறவனைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டு, வீட்டில் சொல்வார். ஆன்லைன் ரம்மி மூன்றையும் ஒரே நாளில் பிடுங்கிப் போட்டது. கழிப்பறையில் ஆடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு, பக்கத்தில் மனைவி தூங்கும்போது, போர்வைக்குள் ஆடலாம். சித்தப்பாவின் பீரோவிலாவது ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள் சாட்சிக்கு இருந்தன. இதில் அதுவும் கிடையாது.

வேலியைத் திரும்பப் போட நாம் பட்ட பாடும் சின்னதல்ல. தமிழ்நாட்டின் முதல் தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் மறுபடி சட்டம் போட்டு, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. அந்த நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். பிறகு 2025 பிப்ரவரியில் ஒரு விதி வந்தது: நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை காசு வைத்து ஆடக் கூடாது. அதை ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்று நாடு முழுவதற்கும் சட்டம் இயற்றியது.

இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் உண்டு. இரண்டும் லேசானவை அல்ல.

முதலாவது: ‘தடை போட்டால் திருட்டுத்தனமாக நடக்கும்.’ உண்மைதான். லாட்டரி போனபின் மூணு நம்பர் லாட்டரி என்று ஒளிந்து வந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே அதற்குப் பலியானது நமக்கு மறக்காது. சட்டத்தால் எல்லாம் ஆகிவிடாது. ஆனால் வேலியில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக யாராவது வேலியைப் பிடுங்கி எறிவார்களா? ஓட்டையைத் தேடிப் போகிறவன் எண்ணிக்கை வேறு. வாசலில் வந்து கூப்பிட்டால் போகிறவன் எண்ணிக்கை வேறு. என் சித்தப்பா ஓட்டையைத் தேடிப் போகிற ஆள் இல்லை. வாசலில் கூப்பிட்டார்கள், போனார்.

இரண்டாவது: ‘என் காசு, என் இஷ்டம். அரசாங்கம் யார் கேட்க?’ சுதந்திரத்தை மதிக்கிற எவரும் இதைத் தட்டிவிட முடியாது. சிங்கப்பூர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே மனைவியோ பிள்ளைகளோ பெற்றோரோ மனு கொடுத்து, வீட்டு ஆளைக் கேசினோவுக்குள் விடாமல் தடுக்க வழி உண்டு. அதற்கு என்ன அர்த்தம்? ‘என் காசு’ என்று நீ சொல்வதில் இன்னும் சில கைகள் இருக்கின்றன என்று அர்த்தம். பீரோவில் இருந்த கட்டுகள் சித்தப்பாவின் காசு மட்டும்தானா? அந்தத் தரையில் உட்கார்ந்து அடுக்கினவளுக்கு அதில் பங்கு இல்லையா?

மூன்றாவதாக ஒரு வாதமும் இருக்கிறது. அதை நானே பெரியவரிடம் கேட்டுவிட்டேன். அவர் 1952-இல், பதினாறு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, சிட்டையும் பேரேடும் எழுதி, அடுத்தாளாக உயர்ந்தவர்.

“ஐயா, கப்பலேறிப் போய்க் கடன் கொடுத்தீங்களே, அதுவும் சூதாட்டம்தானே?”

கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை.

“தம்பி, கடன் வாங்கினவன் நிலத்துல நெல் விளையும். அவனுக்கும் நெல்லு, நமக்கும் வட்டி. சூதுல எதுவும் விளையறதில்லை. உன் பையிலேர்ந்து என் பைக்கு வருது, நடுவுல ஒருத்தன் தரகு எடுத்துக்கறான். அந்த வித்தியாசம் பெரிசு.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “ஆனா பர்மாவுல எங்க பெரியவங்களும் போதும்னு சொல்லலையே. கொடுத்தோம், கொடுத்தோம், கொடுத்துக்கிட்டே இருந்தோம். நெல் விலை விழுந்துச்சு. அந்த ஊர்க்காரன் நிலத்தை இழந்தான். நாங்க நிலத்தை வெச்சுக்கிட்டு முழிச்சோம். கடைசியில யுத்தம் வந்து எல்லாரும் நடந்தே வந்தாங்க.”

சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. 1930-இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த விளைநிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. உலகப் பொருளாதார மந்தத்துக்குப் பின், 1930-களின் முடிவில் அது நூற்றுக்கு இருபத்தைந்து. கேட்டு வாங்கியதில்லை, கடன் திரும்பாததால் கையில் வந்து விழுந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

தன் கூட்டத்தின் கணக்கிலேயே தப்பைக் காட்டிவிட்டு, அவர் மறுபடி சீட்டை எடுத்தார். அப்போதுதான் கவனித்தேன். ஆட்டம் காசு வைத்துத்தான் நடந்தது!

“என்ன ஐயா, இவ்வளவு பேசிட்டு?”

பெரியவர் உள்பக்கம் கை காட்டினார். வளவுக்குள் ஆச்சி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “இருநூறு ரூபா அவ கொடுத்தா. தீர்ந்தா எந்திரிச்சுடணும். பர்ஸ் அவ கிட்ட.”

“உங்க பர்ஸ்தானே? நீங்களே வெச்சுக்கிட்டு, இருநூறோட நிறுத்திக்கலாமே?”

“முடியாதே!” என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல். “அறுபது வருஷம் அடுத்தவன் பணத்தைப் பைசா சுத்தமா எண்ணினவன்தான் நான். ஆனா சீட்டு கைக்கு வந்துட்டா ‘போதும்’னு சொல்ற வாய் எனக்குக் கிடையாதுன்னு இருபத்தஞ்சு வயசுலேயே தெரிஞ்சு போச்சு. அதான் அந்த வாயை அவ கிட்டக் கொடுத்துட்டேன்.”

எல்லார் வீட்டிலும் ஆச்சி இருப்பதில்லை. இருந்தாலும், பர்ஸை அவர் கையில் கொடுக்கிற மனசு எல்லாருக்கும் வருவதில்லை. சித்தி கேட்டிருந்தால் சித்தப்பா கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சித்திக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ‘விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று நாடே சொல்லிக்கொண்டிருந்ததே!

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பெரியவரிடம் இன்னும் அறுபது ரூபாய் பாக்கி இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஆச்சி கையில் கொடுத்துவிட்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.